சூடு வெளியேற வழி உண்டா?



இம்மாதம் உங்களோடு ஒரு கம்ப்யூட்டரைக் குறித்துப் பேச விரும்புகிறேன். போதகர் எழுதும் பக்கத்தில் இது என்ன புதுமை என்று நீங்கள் எண்ணலாம். ஆனால் பிழைப்பின் நிமித்தம் சொந்த ஊரை விட்டு வந்து, வாடகை அறைகளில் குடியிருந்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கிற நம் ஜனங்களின் வீட்டில், அந்தப் பெட்டி இன்று உழுகிறவன் வீட்டுக் கலப்பையைப் போன்றது. அது நின்றுபோனால் ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுபோகிறது. ஆகையால் அதைக் குறித்துப் பேசுவதும் மேய்ப்பனுடைய வேலைதான் என்று நான் உணர்ந்த ஒரு சம்பவத்தை உங்களுக்குச் சொல்லுகிறேன்.

பகல் இரண்டு மணிப் போராட்டம்

கொச்சி மட்டாஞ்சேரியில் நம் தமிழ்ச் சபையைச் சேர்ந்த ஒரு குடும்பம் உண்டு. சகோதரன் பஜார் ரோட்டிலுள்ள கிடங்குகளில் மிளகு மூட்டையும் சுக்கு மூட்டையும் சுமக்கிறவர். சகோதரி வீட்டிலேயே முறுக்கும் தட்டையும் சுட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறவர். மூத்த மகள் கல்லூரியில் கணினிப் பாடம் படிக்கிறாள். அவளுக்காகக் குடும்பஸ்ரீ குழுவில் கடன் எடுத்து, பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினார்கள்.

சென்ற கோடையில் அது திடீர் திடீரென்று அணையத் தொடங்கியது. இரவில் நன்றாக ஓடும். பகல் இரண்டு மணியானால் நின்றுவிடும். அரை மணி நேரம் கழித்துப் போட்டால் மறுபடியும் ஓடும், மறுபடியும் நிற்கும். கடையில் காட்டினார்கள். மதர்போர்டு போய்விட்டது, எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று சொல்லி, எடுத்த கடனுக்கு ஏறக்குறைய சமமான ஒரு தொகையைக் கேட்டார்கள். அன்று இரவு அந்தத் தகப்பன், "பெண்பிள்ளை படித்தது போதும், நாளைக்கே ஏதாவது துணிக்கடையில் வேலைக்குச் சேரட்டும்" என்று சொல்லிவிட்டார். கோபத்தில் அல்ல, இயலாமையில் சொன்னார். மகள் இராமுழுவதும் அழுதாளாம்.

சகோதரி என்னிடம் வந்து, "ஐயா, யாரோ கையால் அணைப்பதுபோல நேரம் பார்த்து அணைந்துபோகிறது. இது சத்துருவின் போராட்டம். நீங்கள் வந்து ஜெபிக்க வேண்டும்" என்றார்கள்.

நான் போனேன். அதுவும் பகல் இரண்டு மணி. மாடியில் தகரக் கூரையின் கீழே ஒரே அறை. ஒரு மூலையில் எண்ணெய்ச் சட்டி கொதிக்கிறது. மறு மூலையில் மர மேசை. அதன் கீழ்த்தட்டில், கதவு வைத்த அடைப்புக்குள், சுவரோடு ஒட்டி அந்த சி.பி.யு. பெட்டி இருந்தது. தூசி படக்கூடாது என்று அன்போடு பூத்தையல் போட்ட துணி ஒன்றையும் மேலே போர்த்தியிருந்தார்கள். நான் குனிந்து, அதன்மேல் கை வைத்து ஜெபிக்கத் தொடங்கினேன். பாதி ஜெபத்திற்குள் கை சுட்டது. வைத்திருக்க முடியவில்லை. ஜெபத்தைச் சுருக்கி ஆமென் சொன்னேன்.

பிரியமானவர்களே, அந்தச் சூட்டிலேயே எங்கள் ஜெபத்திற்குப் பதில் இருந்தது என்று பிறகுதான் எனக்கு விளங்கிற்று.

கோடரி எங்கே விழுந்தது?

இராஜாக்களின் இரண்டாம் புஸ்தகம் ஆறாம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். தீர்க்கதரிசிகளின் புத்திரரில் ஒருவன் யோர்தான் கரையில் மரம் வெட்டும்போது கோடரியின் இரும்பு கழன்று தண்ணீரில் விழுந்தது. அது இரவலாக வாங்கின கோடரி. ஏழையின் வேலைக் கருவி, அதுவும் பிறருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியது. தேவமனுஷனாகிய எலிசா அதை அற்பக் காரியமாக எண்ணவில்லை. ஆனால் அவன் முதலாவது செய்தது என்ன? அது எங்கே விழுந்தது என்று விசாரித்தான். அவன் இடத்தைக் காண்பித்த பின்னரே அற்புதம் நடந்தது.

நாம் அநேக வேளைகளில் இடத்தை விசாரிக்காமல் அற்புதத்தை மாத்திரம் கேட்கிறோம். பிசாசின் தந்திரங்களை நான் மறுக்கிறவன் அல்ல. ஆனால் தூசியின் வேலையைப் பிசாசின் கணக்கில் எழுதினால், துடைப்பத்தை எடுக்க மாட்டோம். தேவன் கொடுத்த பொருளுக்கு நாம் உக்கிராணக்காரர். உக்கிராணக்காரன் ஜெபிக்கவும் வேண்டும், திறந்து பார்க்கவும் வேண்டும்.

நகத்தளவு இடத்தில் ஒரு பல்பு

கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிற பாகம் பிராசஸர். அதன் உள்ளேயிருக்கிற சிலிக்கான் துண்டு ஏறக்குறைய நம் விரல் நகத்தளவுதான். இன்டெல் நிறுவனம் 1971-ஆம் ஆண்டு வெளியிட்ட 4004 என்னும் பிராசஸரில் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்களே இருந்தன. அதற்கு விசிறி தேவைப்படவில்லை. இன்றைய பிராசஸர்களில் அவை கோடிக்கணக்கில் அடங்கியுள்ளன. வீட்டில் உபயோகிக்கும் மேசைக் கம்ப்யூட்டரின் பிராசஸர்கள் பலவற்றின் வெப்ப அளவு 65 வாட் என்று குறிக்கப்படுகிறது. முற்காலத்து 60 வாட் குண்டு பல்பைக் கையால் தொட்டவர்களுக்கு அதன் சூடு தெரியும். அவ்வளவு சூடும் ஒரு நகத்தளவு இடத்தில் பிறக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இந்தச் சூடு பெரிய நிறுவனங்களையே மடக்கியிருக்கிறது. 2004-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம், ஒரே பிராசஸரின் வேகத்தை மேலும் மேலும் கூட்டிக்கொண்டு போகும் தன் திட்டத்தைக் கைவிட்டு, இரண்டு கருக்கள் வேலையைப் பகிர்ந்துகொள்ளும் வகைக்குத் திரும்பியது. சூட்டைச் சமாளிக்க முடியாமற்போனது அதற்கு முக்கியக் காரணம்.

சூட்டை வெளியேற்றும் பாதை மூன்று படிகளைக் கொண்டது. பிராசஸரின்மேல் பல தகடுகள் உள்ள ஒரு அலுமினியக் கட்டி இருக்கிறது. சிலவற்றில் நடுப்பாகம் செம்பு. இதற்கு ஹீட் சிங்க் என்று பெயர். இது சூட்டை வாங்கித் தகடுகளில் பரப்புகிறது. அதன்மேலுள்ள விசிறி அச்சூட்டைக் காற்றில் தள்ளுகிறது. பெட்டியின் துவாரங்கள் வழியாக அந்தக் காற்று அறைக்குள் வெளியேறுகிறது. இம்மூன்றில் ஒன்று அடைபட்டாலும் சூடு உள்ளே தங்கிவிடும்.

சூடு வரம்பை நெருங்கும்போது பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பெரும்பாலானவற்றுக்கு அந்த வரம்பு 95 அல்லது 100 டிகிரி செல்சியசுக்கு அருகில் இருக்கும். அதையும் மீறினால், எரிந்துபோகாதபடி கம்ப்யூட்டரையே அணைத்துவிடும். ஆகவே அந்த வீட்டில் நேரம் பார்த்து அணைத்த கை, பொருளைக் கெடுக்க வந்த கை அல்ல. அது பொருளைக் காப்பாற்றின கை.

இரவில் ஓடி, பகலில் நிற்பது ஏன்?

ஒரு காரியத்தை நன்றாக நினைவில் வையுங்கள். விசிறியினால் பிராசஸரை அறையின் காற்றைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது. அறையின் வெப்பம் எவ்வளவோ, அதற்கு மேலேதான் பிராசஸரின் வெப்பம் எப்போதும் நிற்கும். அறை பத்து டிகிரி ஏறினால், அதே வேலையைச் செய்கிற பிராசஸரும் ஏறக்குறைய பத்து டிகிரி ஏறும். இரவில் வரம்புக்குக் கீழே தப்பிப் பிழைத்த கம்ப்யூட்டர், பகலில் தகரக் கூரையின் கீழே வரம்பைத் தாண்டிவிடுகிறது. இரவில் ஓடி, பிற்பகலில் மாத்திரம் நிற்கிற கம்ப்யூட்டரில் முதலாவது சூட்டைச் சந்தேகியுங்கள்.

கொச்சியில் கோடையிலும் வெப்பமானி 33, 34 டிகிரியைச் சுற்றியே நிற்பதுண்டு. ஆனால் காற்றின் ஈரத்தினால் நமக்குப் புழுக்கம் தாங்காது. நம் உடல் வியர்வை உலர்வதினால் குளிர்கிறது. ஈரக்காற்றில் வியர்வை உலராது. உலோகத்துக்கு வியர்வை இல்லையாகையால், ஈரம் பிராசஸரின் சூட்டை நேராகக் கூட்டுவதில்லை. ஆனால் ஈரம் தூசியைத் தகடுகளில் அப்பவைக்கிறது. கடற்கரை ஊரின் உப்புக்காற்றோ உலோக முனைகளை மெல்ல அரிக்கிறது. சமையல் எண்ணெயின் ஆவியும் சேர்ந்தால் தூசி பிசினாகிவிடும்.

எங்கள் மட்டாஞ்சேரியில் டச்சு அரண்மனை என்று அழைக்கப்படும் ஒரு மாளிகை உண்டு. 1555-ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் கட்டி, கொச்சி அரசருக்குக் கொடுத்தது. 1663-க்குப் பின் டச்சுக்காரர் அதைப் பழுதுபார்த்ததால் அந்தப் பெயர் நிலைத்தது. கேரளத்து நாலுகெட்டு முறைப்படி அதன் நடுவே திறந்த முற்றம் இருக்கிறது. சூடான காற்று மேலே எழும்பி முற்றத்தின் வழியாய் வெளியேற, புதிய காற்று ஜன்னல்கள் வழியாக உள்ளே வரும். மின்விசிறி இல்லாத நாட்களில் வாழ்ந்தவர்கள், குளிர்ச்சியைக் கொண்டுவருவதைவிடச் சூடு போக வழிவிடுவதே முதல் வேலை என்று அறிந்திருந்தார்கள். கம்ப்யூட்டருக்கும் அதுவே பாடம்.

பெட்டியைத் திறந்தபோது

சபையில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் வேலை செய்கிற வாலிப சகோதரன் ஒருவனை அழைத்தேன். அவன் முதலாவது பயாஸ் என்னும் ஆரம்பத் திரையில் பிராசஸரின் வெப்பத்தைப் பார்த்தான். வேறு வேலை எதுவும் நடவாதபோதே 90 டிகிரியைத் தாண்டியிருந்தது. பிறகு மின் இணைப்பைக் கழற்றி, பெட்டியைத் திறந்தான்.

ஹீட் சிங்கின் தகடுகளே தெரியவில்லை. கம்பளித் துண்டை விரித்ததுபோல எண்ணெய்த் தூசி மூடியிருந்தது. ஹீட் சிங்கைப் பலகையோடு பிடித்துக்கொள்ளும் நான்கு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று கழன்று நின்றது. அதை எடுத்தபோது பிராசஸருக்கும் உலோகத்துக்கும் நடுவில் பூசப்படும் தெர்மல் பேஸ்ட், சுண்ணாம்புப் பொடியாய் உதிர்ந்தது.

அந்தப் பசை எதற்கு என்று கேட்டேன். அவன் சொன்ன பதில் என்னை யோசிக்கவைத்தது. இரண்டு உலோகப் பரப்புகளை எவ்வளவு அழுத்தினாலும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள் இருக்கும். அவற்றில் காற்று நிற்கும். செம்பு, காற்றைவிட ஏறக்குறைய 15,000 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே மேலே எவ்வளவு நல்ல உலோகம் இருந்தாலும், நடுவிலுள்ள அந்த மெல்லிய காற்று சூட்டைத் தடுத்துவிடும். அந்த இடைவெளியை நிரப்பவே பசை.

தூரிகையால் தூசியைத் துடைத்தான். பழைய பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் நீக்கி, புதிய பசையைப் பட்டாணி அளவு வைத்தான். நான்கு கால்களையும் குறுக்காக ஒவ்வொன்றாய் அழுத்திப் பொருத்தினான். மரத்தட்டிலிருந்து பெட்டியை வெளியே எடுத்து, அடுப்பிலிருந்து தூரமாய் ஜன்னல் பக்கம் வைத்தோம். மறுபடியும் பார்த்தபோது வெப்பம் 50-களில் நின்றது. செலவு, ஒரு சிறு குழாய் பசையின் விலை மாத்திரமே. மதர்போர்டுக்கு ஒன்றும் நேரிடவில்லை.

உங்கள் வீட்டில் செய்ய வேண்டியவை

1. சி.பி.யு. பெட்டியை மர அடைப்புக்குள் வைக்காதிருங்கள். பின்புறத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடமாவது விடுங்கள். தரையிலிருந்து சற்று உயர்த்தி வையுங்கள். ஜன்னல் வழியாய் வெயில் நேராக விழும் இடம் வேண்டாம்.

2. துணியையும் பிளாஸ்டிக் உறையையும் கம்ப்யூட்டர் அணைந்து ஆறின பின்பே போர்த்துங்கள்.

3. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தூசியைத் துடையுங்கள். முதலாவது பிளக்கைக் கழற்றி, ஆன் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்துங்கள். பெட்டியின் உலோகத்தைத் தொட்டு, கையிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்குங்கள். உலர்ந்த மெல்லிய பெயிண்ட் பிரஷ் போதும். காற்றடிக்கும் கருவியை உபயோகித்தால் விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரத்துணி கூடாது. பவர் சப்ளை பெட்டியை மாத்திரம் ஒருபோதும் திறவாதிருங்கள். பிளக்கைக் கழற்றின பின்பும் அதில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

4. எல்லா விசிறிகளும் சுழலுகின்றனவா என்று பாருங்கள். பொதுவாக முன்புறம் காற்றை உள்ளே இழுக்கவும், பின்புறம் வெளியே தள்ளவும் வேண்டும். உள்ளேயுள்ள ஒயர்கள் காற்றின் பாதையில் தொங்காதபடி ஒதுக்கிக் கட்டுங்கள்.

5. பக்கத்து மூடியைக் கழற்றி வைத்தால் குளிரும் என்று சிலர் செய்கிறார்கள். சற்றுக் குறையலாம், ஆனால் தூசியும் பல்லியும் எறும்பும் குடியேறும், குழந்தைகளின் விரலும் உள்ளே போகும். துவாரங்களைச் சுத்தம் செய்வதே நல்லது.

6. தண்ணீரை ஆவியாக்கிக் காற்று வீசும் ஏர் கூலரைக் கம்ப்யூட்டருக்கு நேராகத் திருப்பாதிருங்கள். கொச்சி, சென்னை போன்ற கடலோர ஊர்களில் அது குளிர்ச்சியைவிட ஈரத்தையே அதிகம் கொடுக்கும். ஐஸ் கட்டியும் ஈரத்துணியும் வேண்டவே வேண்டாம்.

7. விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் மாக்சிமம் பிராசஸர் ஸ்டேட் என்பதை 100-லிருந்து 99 ஆகவோ, 80 ஆகவோ குறைத்தால் வேகம் சற்றுக் குறையும். சூடு நன்றாகக் குறையும். கடிதம் தட்டச்சு செய்யவும் பாடம் படிக்கவும் அந்த வேகம் போதுமானது. கனமான வேலைகளைக் காலையிலோ இரவிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

8. பயாஸ் திரையிலோ, கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருளிலோ வெப்பத்தைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 40, 50 டிகிரியும், கனமான வேலையில் 70, 80 டிகிரியும் இருந்தால் பயமில்லை. 90-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் திறந்து பார்க்கும் நேரம் வந்துவிட்டது. தெர்மல் பேஸ்டை மாற்றுவதில் அனுபவம் இல்லாதவர்கள் அறிந்தவரை வைத்துச் செய்யுங்கள். உத்தரவாதக் காலம் முடியாதிருந்தால் விற்றவரிடமே கொண்டுபோங்கள்.

நமக்குள் தங்கும் சூடு

வேலை முடிந்து, அந்த வீட்டில் நன்றி செலுத்தி ஜெபித்தோம். அப்போது கிடங்கிலிருந்து அந்தச் சகோதரன் வந்து சேர்ந்தார். முகமெல்லாம் சிவந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் மூலையில் உட்கார்ந்தார். திரையில் கம்ப்யூட்டர் ஓடுவதைக் கண்டார், அழுதுவிட்டார். "ஐயா, படிக்க வேண்டாம் என்று சொன்னது என் வாய்தான், என் மனது அல்ல" என்றார்.

பிரியமானவர்களே, நம் வீட்டு ஆண்கள் அநேகருக்குள் இப்படிப்பட்ட சூடு தங்கியிருக்கிறது. பகலெல்லாம் மூட்டையின் பாரம், மேஸ்திரியின் ஏச்சு, கடன் தவணை, அந்நிய பாஷை பேசுகிற ஊரின் அவமானம். இவையெல்லாம் வெளியேற வழியில்லாமல், இரவில் மனைவியின்மேலும் பிள்ளைகளின்மேலும் விழுகின்றன. பெண்களுக்குள்ளும் உண்டு, அவர்கள் அதன்மேல் பூத்தையல் போட்ட துணியைப் போர்த்திவிடுகிறார்கள். வெளியே அழகாயிருக்கும், உள்ளே கொதிக்கும்.

ஞாயிறுதோறும் ஆராதனையில் உட்கார்ந்திருக்கிறோமே, சூடு ஏன் இறங்கவில்லை? ஒட்டியிருப்பதுபோலத் தோன்றும் இரண்டு பரப்புகளின் நடுவில் அந்த மெல்லிய காற்று நிற்கிறதே, அதை நினையுங்கள். மறைத்துவைத்த ஒரு கசப்பு, மன்னிக்காத ஒரு காரியம், தேவனிடத்திலும் வாய்திறந்து சொல்லாத ஒரு பயம் நடுவே நின்றால், அருகிலே இருந்தும் நம் பாரம் அவரிடத்திற்குக் கடந்துபோவதில்லை. ஆவியானவரின் அபிஷேகம் அந்த இடைவெளியை நிரப்பட்டும். கணவனும் மனைவியும் இரவில் ஐந்து நிமிடமாவது கைகோர்த்து, அன்றைய பாரத்தை உள்ளபடி சொல்லி ஜெபியுங்கள். அதுவே சூடு வெளியேறும் ஜன்னல்.

சரீரத்தையும் மறவாதிருங்கள். வெயில் கடுமையாகும் மாதங்களில், வெளியில் உழைப்போருக்குப் பகல் 12 முதல் 3 மணி வரை ஓய்வு கொடுக்கும்படி கேரளத் தொழில் துறை ஆண்டுதோறும் உத்தரவிடுகிறது. அது உங்களுக்காகவே. அதிகப்படிக் கூலிக்காக அந்த ஓய்வை விற்றுவிடாதிருங்கள். சோர்ந்துபோய்ச் சூரைச்செடியின் கீழே படுத்த எலியாவைக் கர்த்தர் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டார், அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் தூங்கவிட்டார். அதன் பின்பே நெடும் பிரயாணத்துக்கு எழுப்பினார். சூட்டில் வேகத்தைக் குறைத்துக்கொள்வது தோல்வி அல்ல.

அந்த மகள் இன்னும் படிக்கிறாள். கடன் தவணை முடியவில்லை. கம்ப்யூட்டரும் அதே பழைய கம்ப்யூட்டர்தான். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அவளே திறந்து சுத்தம் செய்கிறாள். பாட்டுத்தாள்களை அச்சிடுகிற சபையின் கம்ப்யூட்டரும் இப்போது அவள் பொறுப்பில்தான் இருக்கிறது. அவளுடைய தகப்பனார் முன்வரிசையில் உட்கார்ந்து, அந்தத் தாளைப் பார்த்துப் பாடுகிறார்.

இந்தக் கோடையில் உங்கள் வீட்டுப் பெட்டியின்மேல் ஒருமுறை கை வைத்துப் பாருங்கள். பிறகு உங்கள் பிள்ளையின் தலைமேலும், உங்கள் துணையின் தோள்மேலும் கை வைத்துப் பாருங்கள். எங்கே சுடுகிறது என்று அறிந்து, அங்கே ஒரு வழியைத் திறவுங்கள். சமாதானத்தின் தேவன் உங்கள் குடியிருப்புகளைத் தம்முடைய நிழலில் காப்பாராக. ஆமென்.